கண்டி சேர்வரிலிருந்து ஹட்டன் தொழிற்சாலை போர்டு பூட் ஆக 11 நிமிடம்: ஏன்?

லைன் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, தாமதம்தான் காரணம். போர்டு (சிறிய கணினி) பூட் ஆகும்போது தன் இயங்குதளத்தைக் கண்டியிலிருந்து டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் எடுக்கிறது. அது வழக்கமாக 512 பைட் அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். 8 எம்பி கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்றால் 16,384 துண்டுகள். போய்வர 40 மில்லிசெக்கன் எடுத்தால் மொத்தம் 655 செக்கன்.

யூ-பூட்டில் (போர்டைத் தொடக்கும் மென்பொருளில்) பிளாக் அளவை, அதாவது ஒரு துண்டின் அளவை, 1468 பைட் ஆக்குங்கள். நான்கு நிமிடத்துக்குள் வந்துவிடும். அதோடு விண்டோ அளவை, அதாவது பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்து அனுப்பும் துண்டுகளின் எண்ணிக்கையை, 8 ஆக்கினால், லைன் தாங்குமானால், அரை நிமிடம்தான். சேர்வரும் இரண்டையும் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்காதது சத்தமில்லாமல் பழையபடியே, அதாவது 512 பைட்டுக்கோ ஒவ்வொரு துண்டாக அனுப்புவதற்கோ, திரும்பிவிடும். இடையில் விபிஎன் (இணையம் வழியான தனி மறையிணைப்பு) இருந்தால் 1468 பைட் பெக்கெட் உடைந்து பூட் பாதியில் நிற்கலாம், 1300 வையுங்கள்.

போர்டு இணையும் சுவிட்ச் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ (நெட்வேர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் முறை) 30 செக்கன் விழுங்கும், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கப் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். ஆனால் மழைக்காலத்தில் லைன் அறுந்தாலும் போர்டு எழும்ப வேண்டுமே! தொழிற்சாலைக்குள்ளேயே சிறிய டிஎஃப்டிபி சேர்வர் வைத்து, கண்டியிலிருந்து இரவில் இமேஜை (பூட் கோப்பை) அதற்குப் பிரதி எடுப்பதே சரியான வழி.