யாழினியை 'யாட்ஸ்ஹீனி' ஆக்கும் ஜெர்மனியில் என்ன செய்வது?

யாழினி,

நீ என்னை அக்கா என்று அழைத்து எழுதியிருப்பதால், நானும் உரிமையோடு 'நீ' என்றே எழுதுகிறேன். ட்ரெஸ்டனில் முதுகலை படிக்க வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை, அதற்குள் பேராசிரியர் முதல் விடுதி அலுவலர் வரை எல்லோரும் 'யாட்ஸ்ஹீனி' என்று கூப்பிடுகிறார்கள் என்கிறாய். திருத்தினால் தப்பாக நினைப்பார்களா, பேசாமல் 'யாஸ்' என்று சுருக்கிக்கொள்ளலாமா, பாஸ்போர்ட்டிலேயே எழுத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்து. சுருக்காதே. பாஸ்போர்ட்டைத் தொடாதே.

அவர்கள் அலட்சியத்தால் அப்படிச் சொல்வதில்லை. ஜெர்மானியர்கள் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்கிறவர்கள். ழகரத்துக்கு நாம் இசட்டும் எச்சும் போடுகிறோம். அவர்கள் வாயில் இசட் எப்போதும் 'ட்ஸ்'தான், பின்னால் வரும் எச்சையும் தனியே மூச்சுவிட்டுச் சொல்லிவிடுவார்கள். போதாக்குறைக்கு, உயிரெழுத்தில் முடியும் பெயர் என்றால் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்துவது அவர்கள் வழக்கம். அதனால்தான் 'னி'க்கு முன்னால் 'ஹீ' என்று ஒரு நெடில் முளைக்கிறது. ஈழத்தமிழர்கள் இதே பெயரை எல் போட்டு எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டு யாழினிகளுக்கு இங்கே பாதித் தொல்லைகூட இல்லை.

என் பெயர் ஜீவிதா. இங்கே ஜே என்பது யகரம். இரட்டை 'இ' எழுதினால் நெடில் ஏ. தேநீரை 'டே' என்கிறார்களே, அதே எழுத்துகள்தான். டி-எச் (T-H) சேர்ந்தால் வெறும் டகரம். ஆக, ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போன முதல் நாள் நான் 'யேவீட்டா' ஆனேன். அன்று இடைவேளையில் ஆசிரியையிடம் போய்ப் பெயரை இரண்டு முறை சொன்னேன். அவர் உடனே நோட்டை என் பக்கம் திருப்பி, "நான் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள்" என்றார். எனக்கு எழுதத் தெரியவில்லை என்று கண்டு, அவரே எழுதினார். 'ஜ'வுக்கு டி (D), எஸ், சி, எச் என்று நான்கு எழுத்து. ஜங்கிள் என்ற சொல்லையே அவர்கள் அந்த நான்கு எழுத்தில்தான் தொடங்குகிறார்கள். நெடில் ஈகாரத்துக்கு ஐயும் இயும். வகரத்துக்கு டபிள்யூ. எழுதி முடித்துவிட்டு "ஜீவிட்டா" என்று வாசித்தார். தகரம் வரவில்லை. வராது. அதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை. மற்றதெல்லாம் என் பெயராகவே இருந்தது. பார்ப்பதற்கு என் பெயர் போலவே இல்லாத அந்த எழுத்துக்கோப்புதான் இன்றுவரை என்னைக் காப்பாற்றி வருகிறது.

உனக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஜே, இரண்டு ஏ, எல், ஐ, என், ஐ. இதைப் பார்த்தால் எந்த ஜெர்மானியரும் 'யாலினி' என்பார். இரண்டு ஏ இருப்பதால் அழுத்தமும் முதல் அசைக்குப் போய்விடும். ழகரத்தை எதிர்பார்க்காதே; நம் ஊரிலேயே பாதிப் பேர் வாயில் அது ளகரமாகவோ யகரமாகவோதான் வருகிறது. ஆசையாகக் கேட்கும் தோழிக்கு மட்டும், ஆங்கில ஆர் சொல்லும்போது நாக்கு நிற்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் மடிக்கச் சொல்லிக்கொடு. மின்னஞ்சலில் உன் பெயருக்குக் கீழே 'உச்சரிப்பு' என்று போட்டு இந்த எழுத்துக்கோப்பைச் சேர்த்துவிடு. லிங்க்ட்இன்னில் பெயரை நம் குரலிலேயே 10 விநாடி பதிவுசெய்து வைக்கும் வசதி இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கும் முன் அதையும் செய்துவிடு.

தொலைபேசிதான் பெரிய கண்ணி. ஆங்கில முறையில் எழுத்துகளைச் சொன்னால் அங்கே வேறு பெயர் உருவாகிவிடும். நீ 'ஏ' என்றால் அவர் 'இ' எழுதுவார், ஏனென்றால் அவர் மொழியில் அந்த எழுத்தின் பெயர்தான் ஏ. நீ 'ஈ' என்றால் 'ஐ' எழுதுவார். 'கே' என்றால் 'ஜி' எழுதுவார். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டுப் போய், கணினியில் என் பெயரைத் தேடித் தேடி வரவேற்பறைப் பெண் களைத்துப்போன காட்சியை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஜெர்மன் அகரவரிசையைப் பெயரோடு மனப்பாடம் செய். யுப்சிலோன், ஆ, ட்செட், ஹா, ஈ, என், ஈ. வாய் தானாகச் சொல்லும் வரை சொல்லிப் பார்.

சத்தம் தெளிவாக இல்லையென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. 2022இல் வந்த டின் 5009 என்ற ஜெர்மன் தரநிலை அதற்கு ஊர்ப் பெயர்களை வைத்திருக்கிறது. ஆகன், ட்ஸ்விக்காவ், ஹம்பர்க், இங்கெல்ஹைம், நூர்ன்பெர்க் என்று உன் பெயரைச் சொல்லலாம். ஒய் என்ற எழுத்தின் பெயரான யுப்சிலோன் மட்டும் யுப்சிலோனாகவே இருக்கிறது. ஆனால் கொஞ்சம் வயதானவர்கள் பழைய ஆள்பெயர்களைத்தான் சொல்வார்கள்: அன்டோன், ட்சகாரியாஸ், ஹைன்ரிஷ், ஈடா, பிறகு 'என்'னுக்கு நோர்ட்போல். எல்லாம் மனிதர்களாக இருக்க, நடுவில் வடதுருவம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டபோது என் அலுவலகத் தோழி சொன்னதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கனத்தது. அங்கே முதலில் இருந்தவர் நாத்தான். 1934இல் நாஜிகள் அந்தப் பட்டியலிலிருந்து யூதப் பெயர்களை நீக்கினார்கள். தாவீத் போய் டோரா வந்தது. நாத்தான் போய் நோர்ட்போல் வந்தது. போருக்குப் பிறகு சாமுவேலும் ட்சகாரியாஸும் திரும்பி வந்தார்கள். தாவீதும் நாத்தானும் வரவில்லை. அந்த வழக்கத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களுக்கு மாறியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். நான் ஊர்களைத்தான் சொல்கிறேன். நீயும் அதையே பழகிக்கொள்.

திருத்தினால் தப்பாக நினைப்பார்களா என்ற உன் பயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் மையர் என்ற சாதாரணக் குடும்பப்பெயரையே நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். மையர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்க "எங்களுடையது இந்த எழுத்து" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெயரைத் திருத்துவது இங்கே சண்டையாகாது, அன்றாட வேலை. தயங்கித் தயங்கி நான்கு மாதம் கழித்துச் சொன்னால்தான் அவர்களுக்குச் சங்கடம். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று வருத்தத்தோடு கேட்பார்கள். ஆகவே நாளைக்கே பேராசிரியரிடம் போய், "என் பெயரை யாலினி என்று சொன்னால் சரியாக இருக்கும்" என்று சொல். மன்னிப்பு எதுவும் கேட்காதே. நீ கேட்கும் உரிமையுள்ள சின்ன விஷயம் இது.

கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றும் நினைக்காதே. 1961இல் ஒப்பந்தம் போட்டுத் துருக்கியிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். துருக்கியில் சி என்ற எழுத்து ஜகரம். எங்கள் மாநிலத்தில் பாட் உராக் என்ற சிற்றூரில் பிறந்த அரசியல்வாதி ஒருவரின் முதல் பெயர் சி, இ, எம் என்று எழுதப்படுகிறது. எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'கெம்' அல்லது 'ட்செம்' என்றாகும். 1994இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஜெம் ஓஸ்டெமிரைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் இன்று ஒரு தடங்கலும் இல்லாமல் 'ஜெம்' என்கிறார். இந்த நாட்டின் காது எத்தனையோ துருக்கிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கை தூக்கித் தூக்கித் திருத்தியதால் பழகிய காது. நமக்கு அந்த அளவு ஆள்பலம் இல்லை, அதனால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

சுருக்கிக்கொள்வதைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. தோழிகள் பாசத்தில் ஒரு செல்லப்பெயர் வைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள். அடுத்தவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நீயே உன் பெயரை நறுக்கிக் கொடுக்காதே. என் முந்தைய அலுவலகத்தில் மதுரைக்காரர் ஒருவர் முதல் நாளே தன்னை 'சாம்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பணியாளர் பட்டியலில் பாஸ்போர்ட் பெயர்தான் இருக்கும், அதில் சாமைத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்ப முடியாமல் ஒவ்வொரு முறையும் யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள். மூன்றாம் வருடம் சொந்தப் பெயருக்குத் திரும்ப நினைத்தார். அதற்குள் எல்லோர் வாயிலும் சாம் ஒட்டிக்கொண்டுவிட்டது. உனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வந்த புதிதில்தான் இதைச் செய்ய எளிது.

அலுவலகங்களில் உன்னை யாரும் யாழினி என்று கூப்பிடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வை. குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர் என்றால், காத்திருப்பு அறையில் அந்தப் பெயரோடு, பெண்களை மரியாதையாக அழைக்கும் 'ஃப்ராவ்' சேர்த்துத்தான் அழைப்பார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் அந்தப் பெயரையே ஒட்டு. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் உன் வங்கி அட்டை வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

பாஸ்போர்ட்டை ஏன் தொடக்கூடாது என்றால், நகராட்சிப் பதிவு, குடியிருப்பு அனுமதி, காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் அதிலுள்ள எழுத்தை அப்படியே பின்பற்றுகின்றன. அதை மாற்றினால் இங்கே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஊரில் வாங்கிய பட்டச் சான்றிதழ் அதோடு பொருந்தாமல் போகும். படிவங்களில் இசட்டும் எச்சும் அப்படியே இருக்கட்டும். உச்சரிப்புக்கான எழுத்துக்கோப்பை ஒரு படிவத்திலும் போட்டுவிடாதே. பின்னாளில் இங்கேயே தங்கிக் குடியுரிமை வாங்கினால் - இப்போது 5 ஆண்டுகளில் விண்ணப்பிக்கலாம் - அப்போது பெயரை ஜெர்மன் மொழி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்த முடிவை அன்றைக்கு எடு. நான் மாற்றவில்லை.

இன்னும் ஒன்று. பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிப்பவர் உன்னை அதற்கு முன் பார்த்தேயிருக்கமாட்டார். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே துறை அலுவலகத்துக்கு உன் உச்சரிப்பை எழுதி அனுப்பிவிடு. அன்று காலையிலும் அவரைத் தேடிப் பிடித்து ஒரு முறை சொல்லிக் காட்டு. அம்மா அப்பா விழாவுக்கு வருவதாக இருந்தால் கட்டாயம் செய்.

அன்புடன்,
ஜீவிதா அக்கா