டாக்டர் பதில்கள்: ஃப்ளூ காய்ச்சல் ஆஸ்பத்திரி வரைக்கும் போகுமா?

கேள்வி: எங்க அப்பாவுக்கு 71 வயசு, சுகரும் பிபியும் இருக்கு. போன மாசம் வீட்ல எல்லாருக்கும் வைரல் ஃபீவர் வந்துச்சு, பசங்க மூணு நாள்ல எழுந்து ஓடிட்டாங்க. அப்பாவுக்கு காய்ச்சல்கூட பெருசா இல்ல, சோறு வேண்டாம்னு படுத்தே கிடந்தார், திடீர்னு என்னையே யாருன்னு கேட்டார். ஆஸ்பத்திரில நிமோனியான்னு ஐசியூல சேத்தாங்க, இன்ஃப்ளூயன்சா ஏ (ஃப்ளூ வைரஸ்ல ஒரு வகை) பாசிட்டிவ். இப்ப தேறி வீட்டுக்கு வந்துட்டார். சாதாரண ஜுரம் இவ்ளோ தூரம் போகுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போகும் சகோதரி. மழைக்காலம் வந்தாலே இந்த மாதிரி பெரியவங்களை வார்டுல பாத்துக்கிட்டேதான் இருக்கேன். 65 தாண்டினவங்களுக்கு பல நேரம் தெர்மாமீட்டர் 99லயே நிக்கும், வீட்ல இருக்கறவங்களும் பெருசா ஒன்னுமில்லன்னு விட்டுடுவாங்க. நேத்து வரைக்கும் தானா எழுந்து பல்லு விளக்கினவர் இன்னைக்கு கட்டிலை விட்டு எறங்க மாட்டேங்கிறார், சம்பந்தமில்லாம பேசறார், யூரின் போறது குறையுதுன்னா காய்ச்சல் ஏறட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடணும்.

இந்த வைரஸ் மூச்சுக்குழாயோட உள்பக்கத்தைப் புண்ணாக்கிடும், மூக்குலயும் தொண்டையிலயும் அதுவரைக்கும் சும்மா இருந்த நியூமோகாக்கஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாவெல்லாம் அப்புறம் சுலபமா நுரையீரலுக்குள்ள எறங்கிடும். அதனாலதான் ஜுரம் விட்டு ரெண்டு நாள் நல்லா இருந்தவர், மறுபடியும் குளிர் காய்ச்சல், மஞ்சளா சளி, மூச்சு இழுத்தா நெஞ்சுல குத்தல்னு வந்தார்னா எனக்கு பயமாயிடும். வீட்டுக்காரங்க யோசிக்காத இன்னொன்னு இதயம். கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல பண்ணி 2018ல வெளியான ஆய்வு ஒன்னு இருக்கு, அதுல ஃப்ளூன்னு டெஸ்ட்ல உறுதியான முதல் ஏழு நாள்ல மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்த நாளைவிட ஆறு மடங்கு இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு 30 லிருந்து 50 லட்சம் பேருக்கு இது சீரியஸாகுது, 2.9 லிருந்து 6.5 லட்சம் பேர் மூச்சுக் கோளாறால மட்டும் சாகறாங்கன்னு சொல்லுது, மாரடைப்புல போனவங்க அந்தக் கணக்குல வரமாட்டாங்க.

கேள்வி: பாப்பாவுக்கு 4 மாசம். எல்கேஜி படிக்கிற மூத்தவன் ஸ்கூல்லேர்ந்து காய்ச்சலோட வந்திருக்கான். எதைப் பாத்து பயப்படணும்?
- ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: பாப்பா அழாம இருக்கறப்ப சட்டையைத் தூக்கிவிட்டு, மொபைல்ல டைமர் வச்சு, ஒரு நிமிஷம் முழுசா வயிறு ஏறி இறங்கறதை எண்ணுங்க. அந்த வயசுக்கு 50ஐ தொட்டாலே அதிகம், மூத்தவனுக்கு 40. நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ குழி விழுந்து உள்ள இழுக்குது, மூக்கு விடைக்குது, உதடு நீலமாகுது, பால் குடிக்காம தூங்கிட்டே இருக்கு, டயபர் நனையவே இல்லன்னா நைட்டு ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்புங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. பெரியவனுக்கு வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் சரியா முழிக்காம இருந்தாலோ மூளைக்குப் போயிருக்கலாம், அதுவும் எமர்ஜென்சிதான். காய்ச்சல் விடற நேரத்துல கெண்டைக்கால் வலிக்குதுன்னு நடக்க மாட்டேம்பாங்க, பெரும்பாலும் தானா சரியாயிடும், ஆனா யூரின் டீ டிக்காஷன் கலர்ல போனா உடனே காட்டணும். காய்ச்சலுக்கு எடைக்கு ஏத்த பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்குற ரேய்ஸ் சின்ட்ரோம் வரலாம்.

நல்லா ஓடியாடற பிள்ளைக்கு எதுவும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல 2024-25 சீசன்ல ஃப்ளூவால கிட்டத்தட்ட 280 குழந்தைங்க இறந்தாங்க, அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியானவங்களுக்கு முன்னாடி எந்த நோயுமே இல்ல, ஊசி போடற வயசுல இருந்தவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேர் முழுசா தடுப்பூசி போடாதவங்க. உங்க பாப்பாவுக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் ஊசி கிடையாது, அதனால நீங்க, அவங்க அப்பா, மூத்தவன் எல்லாரும் போட்டுக்கணும். கர்ப்பமா இருக்கும்போதே அம்மா போட்டுக்கிட்டா அந்தப் பாதுகாப்பு பிறக்கிற குழந்தைக்கும் சில மாசம் இருக்கும்.

கேள்வி: எனக்கு 34 வயசு, தினமும் ஜிம் போறேன், ஒரு வியாதியும் இல்ல. நானும் கவலைப்படணுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் ஒரு வாரத்துல சரியாயிடுவீங்க தம்பி. ஆனா 2009ல புனேல முதல் உயிர் போய் நாடே பதறுன பன்றிக் காய்ச்சல் ஞாபகம் இருக்கும், அந்த எச்1என்1 வைரஸ்தான் இப்ப வருஷாவருஷம் வர்ற சீசன் ஃப்ளூவுல ஒன்னா சுத்துது, அது இளவயசுக்காரங்களையும் வென்டிலேட்டர் வரைக்கும் கொண்டு போயிருக்கு. குண்டா இருக்கறவங்க, ஆஸ்துமாக்காரங்க, கர்ப்பிணிங்களுக்கு ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி. பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குதுன்னா, கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டர் அலமாரில இருக்கும், பேட்டரி மாத்தி விரல்ல வச்சுப் பாருங்க, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ காட்டினா லீவு போட்டு படுத்துக்கறது போதாது, ஆஸ்பத்திரி போகணும். ஃப்ளூ வைரஸை அடக்கற ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துல ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும், ரிஸ்க் இருக்கறவங்க டாக்டரை அதுக்குள்ள பாத்துடணும். மெடிக்கல்ல கேட்டு வாங்கற ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்னும் பண்ணாது, அதை நம்பி நல்ல ரெண்டு நாளை விட்டுட்டு வர்றவங்களைப் பாக்கறப்ப எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

கேள்வி: தடுப்பூசி எப்ப போடறது? முட்டை ஒத்துக்காதவங்க போடலாமா?
- சேலத்திலிருந்து ஒருவர்

பதில்: போடலாம், முட்டை அலர்ஜி இப்ப தடை இல்ல. சென்னை, வேலூர் பக்கம் பண்ண கண்காணிப்புல அக்டோபர், நவம்பர் மழையிலதான் ஃப்ளூ உச்சத்துக்குப் போனது தெரிஞ்சுது, ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால செப்டம்பருக்குள்ள போட்டுடுங்க. முதல் தடவை போடற ஒம்போது வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு நாலு வார இடைவெளில ரெண்டு டோஸ். தேசிய இலவச தடுப்பூசி அட்டவணைல இது இல்ல, பெரும்பாலும் காசு குடுத்துத்தான் போடணும், வைரஸ் மாறிட்டே இருக்கறதால வருஷாவருஷம் போடணும். போட்டும் ஜுரம் வரலாம், ஆனா அட்மிட் ஆகற அளவுக்குப் போற வாய்ப்பு நல்லாவே குறையும். கும்பகோணம் சகோதரி, உங்க அப்பாவுக்கு ஒரு தடவை ஃப்ளூ வந்துட்டாலும் அடுத்த சீசனுக்கு ஊசி வேணும், போகும்போது நியூமோகாக்கஸ் பாக்டீரியாவால வர்ற நிமோனியாவைத் தடுக்கற நியூமோகாக்கல் ஊசி பத்தியும் கேளுங்க, ரெண்டையும் ஒரே நாள்ல ரெண்டு கையில போட்டுடலாம்.