அக்கா மகளுக்கு என்.எம்.ஆர்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்து ஏற்காட்டில் எங்களோடு தங்கியிருக்கிறாள். அங்கே பல் மருத்துவக் கல்லூரியில் சேர டாட் தேர்வு எழுத வேண்டுமாம். கரிம வேதியியலில் மற்றதெல்லாம் போட்டுவிடுகிறாள், ஸ்பெக்ட்ரோஸ்கோபி (கதிர்வீச்சை மூலக்கூறு உறிஞ்சுவதை வைத்து அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பது) வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுகிறாள். எந்தப் பீக் (உறிஞ்சலைக் காட்டும் முனை) எந்த எண்ணில் வரும் என்ற அட்டவணை முழுக்க மனப்பாடம், ஆனாலும் விடை வருவதில்லை. சேலத்தில் நீட் கோச்சிங் எதிலாவது சேர்த்துவிடலாமா? நான் பி.எஸ்சி. வேதியியல், படித்து வெகுகாலம் ஆகிறது.
– ஒரு சித்தி, ஏற்காடு

பதில்: கோச்சிங் வேண்டாங்க. ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் முக்கியமான என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து ஹைட்ரஜன், கார்பன் அணுக்கள் எதை ஒட்டியிருக்கின்றன என்று பார்ப்பது) நீட் பாடத்திட்டத்திலேயே கிடையாது, அதற்காக அந்தப் பிள்ளை தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது வீண் அலைச்சல். பி.எஸ்சி. படித்த நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

டாட் தேர்வின் அறிவியல் பகுதியில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் 30 கரிம வேதியியல். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, அதற்குள் மனதில் இருக்கும் அட்டவணையைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவளுக்கு எண்கள் தெரியும், எதை முதலில் பார்ப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

முதலில் மூலக்கூறு வாய்பாடு. நாலு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என்று கொடுத்திருந்தால், கார்பனை இரண்டால் பெருக்கி 2 கூட்டி, ஹைட்ரஜனைக் கழித்துப் பாதியாக்கச் சொல்லுங்கள். 1 வருகிறது, அதாவது ஒரு இரட்டைப் பிணைப்பு அல்லது ஒரு வளையம். அப்புறம் ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்புக் கதிர் படம். அதில் 1740 (அலகு செ.மீ.⁻¹) பக்கத்தில் பலமான பீக் இருந்தால் கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு), 2500 முதல் 3300 வரை அகலமாக எதுவும் இல்லையென்றால் அமிலம் இல்லை, அப்போது எஸ்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம். என்.எம்.ஆரில் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு குவார்ட்டெட் (நாலாகப் பிரிந்த பீக்), மூன்றுக்கு ஒரு ட்ரிப்லெட் (மூன்றாகப் பிரிந்தது), இன்னொரு மூன்றுக்கு ஒரு சிங்லெட் (பிரியாதது) என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தில் அசிடேட் என்று உடனே எழுதிவிடுவாள், ஆனால் மெத்தில் புரோப்பனோயேட்டும் இதே மூன்றைத்தான் காட்டும்! சிங்லெட் 2.0 பக்கம் (என்.எம்.ஆர். அளவு பி.பி.எம்.) விழுந்தால் அந்த மெத்தில் கார்பனைலை ஒட்டியிருக்கிறது, எத்தில் அசிடேட் சரி. 3.7 பக்கம் விழுந்தால் ஆக்சிஜனை ஒட்டியிருக்கிறது, மற்றதுதான் விடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள், இந்த ஒரு ஜோடி புரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

எனக்கு ரொம்பப் பயன்பட்ட வழி தலைகீழாகப் போவது. நீங்கள் ஒரு அமைப்பை வரைந்து கொடுங்கள், எத்தனை பீக், எங்கே, எப்படிப் பிரியும் என்று அவள் வரையட்டும், பிறகு ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் எஸ்.டி.பி.எஸ். தொகுப்பில் உண்மையான படத்தோடு ஒப்பிடட்டும்.

கார்பன் என்.எம்.ஆருக்கு சைலீன் (பென்சீன் வளையத்தில் இரண்டு மெத்தில்) வகை மூன்றும் போதும்: பாராவுக்கு 3 பீக், ஆர்த்தோவுக்கு 4, மெட்டாவுக்கு 5. ஏன் என்று அவளே சமச்சீரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

மாஸ் ஸ்பெக்ட்ரத்தை (மூலக்கூறுத் துண்டுகளின் நிறையைக் காட்டும் படம்) இப்போதைக்கு விட்டுவிடுங்கள், இந்தத் தேர்வுக்கு என்.எம்.ஆரும் ஐ.ஆரும்தான் முக்கியம்.