வாக்களித்த தொகையும் வந்து சேர்ந்த தொகையும்

கேள்வி: எங்கள் அறிவியல் ஆராய்ச்சிச் சங்கம் ஒரு மின்னணு நுண்ணோக்கி வாங்குவதற்காக எட்டு மாதங்களாக நிதி திரட்டி வருகிறது. இலக்கில் 62 விழுக்காட்டை எட்டிவிட்டோம் என்று பொதுக்குழுவில் அறிவிக்கச் செயலாளர் விரும்புகிறார். வங்கிக் கணக்கிலோ 38 விழுக்காடுதான் இருக்கிறது. பொருளாளராகிய நான் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும்? கடந்த மூன்று மாதங்களாக நன்கொடை வரத்து ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது. அதற்கு என்ன வழி?

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய கணக்குத்தாளைப் பார்த்தேன். செயலாளர் சொல்வதும் பொய்யன்று, நீங்கள் சொல்வதும் பொய்யன்று. ஆனால் இரண்டில் எதுவுமே பொதுக்குழு உண்மையில் கேட்கப்போகும் கேள்விக்கு விடையாகாது. நுண்ணோக்கி வாங்க இன்று எவ்வளவு பணம் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

இலக்கை 100 பங்காகக் கொள்வோம். செயலாளரின் 62 பங்கில், வங்கிக்கு வந்தது 38. கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவங்களாக இருப்பது 15. மீதி 9, நீங்கள் குறிப்பிட்ட அளவைத் திரட்டினால் தானும் தருவதாக ஒருவர் எழுதிக் கொடுத்த இணைக்கொடை. வங்கியில் இருக்கும் 38 பங்கிலும் 11 பங்கு, மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் ஆண்டுதோறும் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடத்துவதற்கென அளித்த மூலநிதி. அதன் வட்டியைத்தான் எடுக்கலாம், அதையும் சொற்பொழிவுக்கு மட்டுமே செலவிடலாம். நிதி திரட்டும் காலத்தில் வந்தது என்பதற்காக அது இந்தக் கணக்கில் ஏறிவிட்டது. ஆகவே, நுண்ணோக்கிக்கென்று உங்களிடம் இன்று இருப்பது 27 பங்கு.

இதைவிடக் கவலை தருவது அந்த இணைக்கொடைக் கடிதம். ‘வங்கியில் 60 பங்கு சேர்ந்த பிறகு’ என்று கொடையாளர் தெளிவாக எழுதியிருக்கிறார். செயலாளரோ அவருடைய 9 பங்கையும் சேர்த்து 62 என்று காட்டுகிறார். அதைப் பார்க்கும் எவருக்கும் நிபந்தனை நிறைவேறிவிட்டதாகவே தோன்றும். வர வேண்டிய கொடையையே அது வருவதற்கான தகுதியாகக் காட்டுவது கணக்காகாது. எல்லா உறுதிமொழிகளும் ஒன்று விடாமல் வந்தாலும் வங்கியில் 53 பங்குதான் இருக்கும். சொற்பொழிவு நிதியைச் சேர்க்கக் கூடாது என்று அவர் கருதினால் அது 42 ஆகிவிடும். அந்த 11 பங்கை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வாரா என்பதைப் பொதுக்குழுவுக்கு முன்பே கடிதம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே அறிக்கையில் ஒரே எண்ணைத் தராதீர்கள். நுண்ணோக்கிக்கென வந்து சேர்ந்தது 27, எழுத்தில் உறுதியளிக்கப்பட்டு வர வேண்டியது 15, நிபந்தனையுடன் கூடியது 9, வேறு நோக்கத்துக்கெனப் பெற்றது 11 என நான்கு வரிகளாகப் பிரித்து எழுதி, கடைசி வரியை இலக்கில் சேர்க்காமல் தனியே காட்டுங்கள். வாய்மொழியாக ‘பார்க்கலாம், செய்கிறேன்’ என்றவர்களின் தொகை எந்த வரியிலும் இடம்பெறக் கூடாது. எண் சிறியதாகத் தெரிகிறதே என்று செயலாளர் தயங்கக்கூடும். அடுத்த ஆண்டு தணிக்கையாளர் குறைத்துக் காட்டுவதைக் காட்டிலும் இந்த ஆண்டு நீங்களே குறைத்துக் காட்டுவது மேல்.

உறுதிமொழிகள் தாமாக வருவதில்லை. 1660-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ராயல் சொசைட்டியில் உறுப்பினர் கட்டணம் வாரத்துக்கு ஒரு ஷில்லிங். பலர் அதைக்கூடக் கட்டாமல் விட்டதால் நிலுவை ஏறிக்கொண்டே போனது. 1675-இல் ஐசக் நியூட்டனுக்கு அந்தக் கட்டணத்திலிருந்து விலக்கே அளிக்க நேர்ந்தது. 1686-இல் மீன்களைப் பற்றிய பெரிய படநூல் ஒன்றை அச்சிட்டதில் சங்கத்தின் கருவூலம் வறண்டது. எழுத்தராகப் பணியாற்றிய எட்மண்ட் ஹாலிக்குச் சம்பளத்துக்குப் பதிலாக அந்த நூலின் விற்காத படிகளையே கொடுத்தார்கள். நியூட்டனின் புவியீர்ப்பு நூல் அடுத்த ஆண்டு வெளிவந்ததும் ஹாலி தம் சொந்தப் பணத்தில் அச்சுச் செலவை ஏற்றதால்தான். உங்கள் 15 பங்கில் ஒவ்வொரு படிவத்துக்கும் தவணைத் தேதியையும், நினைவூட்ட வேண்டிய செயற்குழு உறுப்பினரின் பெயரையும் குறித்து வையுங்கள். தவணை கடந்து ஆறு மாதமாகியும் அசையாத தொகையைக் கணக்கிலிருந்து நீக்குவதே நல்லது.

இலக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் தாளில் கருவியின் விலை இருக்கிறது, பராமரிப்பு இல்லை. இத்தகைய கருவிகளின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பொதுவாக வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வரும்.

இனித் தேக்கத்துக்கு வருகிறேன். நடுவழியில் வரத்து குறைவது பெரும்பாலான நிதி திரட்டல்களில் காணப்படுவதுதான். நெருங்கிய உறுப்பினர்கள் தொடக்கத்திலேயே கொடுத்து முடித்திருப்பார்கள், வெளியாருக்கோ இலக்கு இன்னும் எட்டாத் தொலைவில் தெரியும். பொருளியலாளர்கள் ஜான் லிஸ்டும் டேவிட் லக்கிங்-ரைலியும் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிகள் வாங்க நன்கொடை கேட்டுக் கடிதங்கள் அனுப்பிச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. இலக்கில் 10 விழுக்காடு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று எழுதியதைவிட, 67 விழுக்காடு இருக்கிறது என்று எழுதியபோது வரத்து ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. செயலாளர் 62-ஐச் சொல்லத் துடிப்பதற்கு இதில் நியாயம் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆய்வில் சொன்ன தொகை உண்மையிலேயே கையில் இருந்தது.

நேர்மையாகவே அதே பலனைப் பெற ஒரு வழி உண்டு: மொத்த இலக்கைப் பகுதிகளாகப் பிரியுங்கள். கருவிக்கு முன்பணமாக 35 பங்கு தேவை என்று விற்பனையாளர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். 35-இல் 27 வந்துவிட்டது, இன்னும் 8 பங்கே தேவை என்று உறுப்பினர்களுக்கு எழுதினால் அதுவும் உண்மை, படிப்பவருக்கும் முடிவு கண்ணுக்குத் தெரியும்.

இணைக்கொடையாளரிடம் ஒன்றுக்கு இரண்டாக, அதாவது பிறர் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய் தரும்படி வேண்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். லிஸ்டும் மற்றொரு பொருளியலாளர் டீன் கார்லனும் முன்பே கொடுத்துப் பழகிய 50,000 பேருக்கு மேல் கடிதம் அனுப்பிச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. இணைக்கொடை உண்டு என்ற அறிவிப்பே ஒரு கடிதத்துக்கு வந்த தொகையை 19 விழுக்காடு உயர்த்தியது, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று ஏற்றியதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. அவர் கூடுதலாகத் தர முன்வந்தால், அதை நிபந்தனையின்றி முன்பணத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இலக்கு நிறைவேறாவிட்டால் வந்த பணம் என்னவாகும் என்பதையும் இந்தக் கூட்டத்திலேயே தீர்மானித்துப் பதிவு செய்யுங்கள். அதே 2002 ஆய்வில், இலக்கு தவறினால் திருப்பித் தருவோம் என்ற உறுதி வரத்தை 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்தியது. திருப்பித் தர இயலாதென்றால் வேறு எந்த ஆராய்ச்சிப் பணிக்கு மாற்றுவீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, ஏற்கெனவே கொடுத்த ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். இனிக் கொடுக்கும் ரசீதுகளில் அந்த வாசகத்தை அச்சிட்டுவிடுங்கள்.