இனம் எதுவானாலும் கப்பல் ஓடும்

தம்பி, ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் கணினி விளையாட்டில் மின்மட்டார் இனத்தை எடுத்தது தவறோ, மூன்று வார ஆட்டத்தை அழித்துவிட்டுக் கால்டாரி இனத்தவராகத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்! இனம் தீர்மானிப்பது உங்கள் முகத்தையும் முதல் கப்பலையும் தொடங்கும் ஊரையும்தான். காசிமேட்டில் படகு ஓட்டக் கற்றவர் எந்தப் படகையும் ஓட்டுவார் அல்லவா? நீங்களும் கால்டாரி ஏவுகணைக் கப்பலுக்கான திறனை இப்போதே பயிலலாம்.

திறன்களை எவ்வளவு வேகமாகப் பயில்வீர்கள் என்பதைத் தீர்மானிக்கும் பண்புகள்தான் கவனிக்க வேண்டியவை. சந்தா கட்டி ஆடினால், ஒரு நிமிடத்துக்குக் கிடைக்கும் திறன் புள்ளி என்பது அந்தத் திறனுக்கு உரிய முதன்மைப் பண்பும் துணைப் பண்பில் பாதியும் சேர்ந்தது. இயல்பாக 20, 20 என்றால் 30 புள்ளி. புலனுணர்வை 27, மனவுறுதியை 21 ஆக்கினால் கப்பல், பீரங்கித் திறன்களுக்கு 37.5 கிடைக்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கேடயம், கவசம், பொறியியல் எல்லாம் அறிவையும் நினைவாற்றலையும் நம்பியவை. அந்த இரண்டு பண்பும் 17க்கு இறங்கி, 25.5 புள்ளிதான் வரும். புதியவருக்கு இரண்டு வகையும் வேண்டும். பீரங்கி மட்டும் வலுத்த கப்பல் நொடியில் வெடிப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆகவே ஒரு பண்பின் புள்ளிகளை இன்னொன்றுக்கு மாற்றும் மறுபங்கீட்டை இப்போது தொடாதீர்கள். கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு வாய்ப்புகள் தீர்ந்தால், பிறகு ஆண்டுக்கு ஒன்றுதான். பண்பைக் கூட்டும் உள்பதியம் (ஆட்டத்தில் உங்கள் பாத்திரத்தின் தலைக்குள் வைக்கும் கருவி) வாங்கிப் பொருத்துங்கள், அது போதும்.

வியாசர்பாடியில் மழைக்கு மின்சாரம் போகிறதே என்ற கவலையும் வேண்டாம். நீங்கள் வெளியேறினாலும் பயிற்சி நடந்துகொண்டே இருக்கும். பயிற்சி வரிசையை மட்டும் நீளமாக நிரப்பி வையுங்கள். தினமும் மாலை 4.30 மணிக்குச் சேவையகப் பராமரிப்பு. அந்த நேரத்தில் சண்டைக்குப் போகாதீர்கள்.