மார்க்கா, பைத்தானா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விருப்பப் பாடத்துக்கு வெப் டிசைன், பைத்தான் என்ற நிரல் மொழி, டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவுகளை அடுக்கி வைக்கும் முறைகள்) இருக்கின்றன. வெப் டிசைனில் மார்க் சுலபமாம். எதை எடுக்கட்டும்?
- வாசகி, பென்னாகரம்

பதில்: மார்க்குக்காக எடுத்தால் பரீட்சைக்கு மறுநாளே மறந்துவிடும்மா. பைத்தான் எடு. ஊசல் கணக்கில் சைன் தீட்டாவைத் தீட்டா என்றே வைத்துக்கொள்ளச் சொல்வார்களே, அது சின்னக் கோணத்துக்குத்தான் சரி. 60 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும், இதைப் பைத்தானில் இருபது வரியில் நீயே எழுதிப் பார்த்துவிடலாம். அப்புறம் 0.1 + 0.2 போட்டுப் பார், 0.30000000000000004 என்று வரும். எல்லாம் கணினி எண்களை 0, 1 என்ற இரும எண்களாகவே வைத்துக்கொள்வதால் வருகிற வம்பு. டேட்டா ஸ்ட்ரக்சர் பிறகு பார்க்கலாம். லேப்டாப் இல்லையா? பிரவுசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் கூகுள் கோலாப் போனிலேயே ஓடும், தர்மபுரி பஸ்ஸில் பழகலாம், சீட் கிடைத்தால்.