அம்மாவின் பயமும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள அக்கா,

கல்யாணமாகி 6 வருடமாகிறது, குழந்தை இல்லை. சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருப்பதால் அடுத்த மாதம் சென்னையில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்). அப்போது கருப்பையின் உள்சவ்விலிருந்து ஒரு சிறு துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். அம்மா கூடவே கூடாது என்கிறார். "உடம்புல இருந்து எடுத்தது யார் கையில போய்ச் சேருமோ" என்று பயப்படுகிறார். நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

ம., பெரம்பூர்

அன்புள்ள ம.,

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். வெட்டிய நகத்தைக்கூடக் கண்ட இடத்தில் போடாதே என்று வளர்த்தவர்கள் நம் பெரியவர்கள். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பிலேயே கட்டினார்கள். உடம்பைவிட்டுப் பிரிந்தாலும் அது நம்முடையதுதான் என்ற எண்ணம் அது.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்களை, அவரைக் கேட்காமலே ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அந்த வருடமே அவர் இறந்துவிட்டார். செல்கள் உலகமெல்லாம் போயின. வீட்டாருக்கு விஷயம் தெரியவே 20 வருடத்துக்கு மேலாயிற்று.

ஆனால் பெண்கள் கொடுத்த திசு இல்லாமல் குழந்தைப்பேறு மருத்துவமே இல்லை. பாஸ்டன் பக்கத்தில் மிரியம் மென்கின் என்ற ஆய்வாளர், செவ்வாய்க்கிழமைகளில் ஆபரேஷன் அறை வாசலில் காத்திருந்து, நோயாளிகளிடமிருந்து எடுத்த சினைப்பைத் திசுவில் முட்டையைத் தேடுவார். புதன்கிழமை விந்தணுவோடு சேர்ப்பார். வெள்ளிக்கிழமை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். இப்படியே 6 வருடம். 1944 பிப்ரவரியில்தான் உடம்புக்கு வெளியே மனித முட்டை முதன்முதலாகக் கருவுற்றது. 1978-ல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். 1990-ல் நம் சென்னையிலேயே டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியில் ஒரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அந்த மேஜையில் படுத்திருந்த பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது.

சரி, உங்கள் துண்டை என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஒரு பகுதியைச் சட்டென்று உறையவைத்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலோ, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலோ வைப்பார்கள். இன்னொரு பகுதியைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து மெழுகுக் கட்டியில் பதிப்பார்கள். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி, என்ன ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அதைத் துருவல் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சவ்வு நாளுக்கு நாள் மாறுவது. மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 10-ம் நாள் எடுத்ததும் 21-ம் நாள் எடுத்ததும் ஒன்றல்ல. நாள் எழுதாத துண்டால் பெரிதாகப் பயனில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய், சாக்லேட் சிஸ்ட் அதன் ஒரு வகை) ஆய்வாளர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து, திசுவை எப்படி எடுப்பது, என்னென்ன குறித்துவைப்பது என்று 2014-ல் பொதுமுறையே வகுத்தார்கள்.

அம்மா இதைக் கருமுட்டை என்று நினைத்திருக்கலாம். இதில் முட்டை கிடையாது, இதிலிருந்து குழந்தை உண்டாகாது என்று சொல்லுங்கள். கருவைச் சேமிப்பது வேறு விஷயம், அதற்குச் செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ம் வருடச் சட்டம் 10 வருட வரம்பே வைத்திருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது: சிகிச்சைக்காக எடுப்பதில் மிஞ்சுவதா, இதற்கென்று தனியாக வெட்டுவதா? பெயருக்குப் பதில் எண் போடுவார்களா? எத்தனை வருடம் வைப்பார்கள், வெளியே யாருக்குத் தருவார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் மறுக்கலாம், பிறகு மனம் மாறி விலகவும் செய்யலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது.

என் தங்கைக்குக் கருப்பை எடுத்தபோது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். நான்தான் "போட்டுடு" என்றேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நானாக இருந்தால் போடுவேன். ஆனால் ஆபரேஷன் அன்று காலையில் அல்ல. இப்போதே படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். யார் கையில் போய்ச் சேரும் என்று அவரே கேட்கட்டும்.